எழுத்துகளில் ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொற்கள்



ஆங்கில நெடுங்கணக்கில் உள்ள எழுத்துகள் 26. அவற்றை மாற்றி மாற்றி அடுக்கியே அம்மொழியின் இலட்சக்கணக்கான சொற்கள் ஆக்கப்பட்டிருக்கின்றன. செய்தித்தாளின் ஒரு மூலையில் கலைந்து கிடக்கும் ஆறேழு எழுத்துகளைக் கொடுத்து, இவற்றில் மறைந்துள்ள சொல் யாது என்று கேட்கிறார்கள். பள்ளியில் ஆசிரியர் மூன்று எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதி, இம்மூன்றும் அமைந்த சொற்களைச் சொல்லுங்கள் என்கிறார். பெட்டியில் அடைத்து விற்கும் சொல்லாட்டங்களும் பல உண்டு.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், குழந்தைகள் இத்தகைய புதிர்களைக் கொண்டுவந்து பெற்றோரிடம் நீட்டுவது வழக்கம். பெற்றோரிற் பலர், "இது ஆங்கிலச் சூழலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கைவரும் வித்தை, நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த எண்ணம் சரியன்று. எழுத்துகளிலிருந்து சொல்லைத் தேடுவது பிறப்பால் வரும் திறமையும் அன்று, அதிருஷ்டமும் அன்று. அதற்கு ஒழுங்கான முறை உண்டு. அம்முறையின் அடிப்படை, தமிழிலக்கணம் பயின்றவர்களுக்குப் புதியதும் அன்று. இதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். ஆங்கில எழுத்துகளை இங்கே தமிழில் பெயர் சொல்லியே குறிப்போம். 'டீ' என வருமிடமெல்லாம் அது டேபிள் என்னும் சொல்லின் முதலெழுத்து என்று கொள்க.

முதலில், கேட்கப்படும் கேள்வி எவ்வகையினது என்று தெளிதல் வேண்டும். கேள்விகள் மூவகைப்படும். கொடுத்த எழுத்துகள் அனைத்தையும் கொண்டு, ஒன்றும் கூடாமலும் குறையாமலும் ஒரு சொல் அமைப்பது முதல் வகை. கொடுத்தவற்றுள் வேண்டியவற்றை மட்டும் எடுத்துச் சிறு சொற்கள் ஆக்குவது இரண்டாம் வகை. கொடுத்த எழுத்துகள் யாவும் இடம்பெற, வேறு எழுத்துகளும் கலந்துவரும் பெரிய சொற்களைத் தேடுவது மூன்றாம் வகை. இம்மூன்றிற்கும் தேடும் வழி வேறு வேறு. பலர் இடர்ப்படுவது, கேள்வி எவ்வகை என்று பாராமல் தேடத் தொடங்குவதனால்தான்.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். மூன்று எழுத்துகளை 6 விதமாக வரிசைப்படுத்தலாம். நான்கு எழுத்துகளாயின் 24, ஐந்தாயின் 120, ஆறாயின் 720, ஏழாயின் 5,040, எட்டாயின் 40,320. எழுத்து ஒன்று கூடுந்தோறும் வரிசைகள் பன்மடங்காகப் பெருகுகின்றன. இவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பது இயலாத செயல். ஆயினும் பழகியவர்கள் சில நொடிகளில் விடை கூறிவிடுகிறார்கள். அவர்கள் 40,320 வரிசைகளையும் பார்ப்பதில்லை. வரவே இயலாதவற்றை முன்னதாகவே விலக்கிவிடுகிறார்கள். விலக்குவதற்குத் துணைசெய்வது, எழுத்துகளின் பழக்கத்தைப் பற்றிய அறிவு.

எழுத்துகளுக்குப் பழக்கம் உண்டா என்று கேட்கலாம். தமிழில் இதனை நாம் நன்கு அறிவோம். எவ்வெழுத்து மொழிக்கு முதலில் வரும், எது இறுதியில் நிற்கும் என்று தொல்காப்பியம் வரையறுத்துக் கூறுகிறது. எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்பதனை மெய்ம்மயக்கம் என்று நம் இலக்கணம் பெயரிட்டு விளக்குகிறது. வேற்றுநிலை மெய்ம்மயக்கத்தில் 'ங்' என்னும் மெய்யின் பின் ககரம் ஒன்றே வரும் என்பது நாம் கற்ற பாடம். ணகரமோ ழகரமோ தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது என்பதும் அவ்வாறே. ஆங்கிலச் சொற்களிலும் இத்தகைய வரையறைகள் உள்ளன. 'கியூ' என்னும் எழுத்தின் பின் பெரும்பாலும் 'யூ'வே வருகிறது. 'சி', 'கே' என்னும் இரண்டும் இணைந்தால் சொல்லின் நடுவிலோ இறுதியிலோ நிற்குமேயன்றி முதலில் நில்லா. 'என்', 'ஜி' இணைந்து சொல்லைத் தொடங்கா. ஆனால் முடிவில் மிகுதியாக வருகின்றன. 'வி' என்னும் ஒலியில் ஒரு சொல் முடியுமாயின், எழுதும்போது அதன்பின் ஓர் 'ஈ' சேர்ப்பதே வழக்கம். கிவ், லவ், ஹேவ் என்பன இதற்குச் சான்று. 'ஜே' சொல்லின் இறுதியில் வருவது மிக அரிது. ஆகவே புதிரில் 'ஜே' இருந்தால் அதனை இறுதியில் வைத்துப் பார்க்கும் வேலை மிச்சமாகிறது.

எழுத்துகள் வரும் அளவிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆங்கில உரைநடையில் 100 எழுத்துகளை எண்ணினால் ஏறக்குறைய 12 அல்லது 13 'ஈ'யாக இருக்கும். 'டீ' ஏறக்குறைய 9. 'ஏ' ஏறக்குறைய 8. 'கியூ', 'இஸட்', 'ஜே', 'எக்ஸ்' ஆகிய நான்கும் சேர்ந்தும் 100க்கு 1 தேறா. இவ்வாறு எழுத்துகளை எண்ணி ஆராய்வது மிகப் பழைய கலை. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி என்னும் அறிஞர், மறைமொழியில் எழுதிய கடிதங்களின் எழுத்துகளை எண்ணி, மிகுதியாக வரும் குறி எது என்று கண்டு, அவற்றின் பொருளை அவிழ்க்கும் முறையை எழுதிவைத்தார். தந்திக்கு உரிய மார்ஸ் குறிகளிலும் இவ்வறிவு பயன்பட்டிருக்கிறது. மிகுதியாக வரும் 'ஈ'க்கு ஒரே ஒரு புள்ளி. 'டீ'க்கு ஒரே ஒரு கோடு. அரிதாக வரும் 'கியூ'வுக்கோ நான்கு குறிகள். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. நம் நாட்டில் மார்ஸ் குறிகளால் ஆங்கிலத் தந்தி அடித்தவர்கள் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, இக்கணக்கின் பயனைப் பெற்றவர்களே.

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஏ, சி, ஈ, ஜி, எச், ஐ, என், டீ என்னும் எட்டு எழுத்துகள் கொடுக்கப்பட்டன என்று கொள்வோம். இவற்றுக்கு 40,320 வரிசைகள் உண்டு. இவற்றுள் ஐ, என், ஜி என்னும் மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள். தொழில் நிகழ்வதைக் காட்டும் 'இங்' என்னும் விகுதி இம்மூன்றால் ஆனது. அதனைத் தனியே எடுத்துக் கடைசியில் வைத்துவிட்டால் எஞ்சுவன ஐந்து எழுத்துகளே. வரிசைகள் 120 ஆகக் குறைந்துவிட்டன. எஞ்சியவற்றுள் 'சி'யும் 'எச்'சும் நட்பெழுத்துகள். இரண்டையும் சேர்த்து ஓர் அலகாகக் கொண்டால், வரிசைகள் 24 மட்டுமே. அவ்விணையை இறுதியில் வைத்தால் கற்பித்தல் என்னும் பொருள்தரும் 'டீச்' பிறக்கிறது. விகுதி சேர, 'டீச்சிங்'. அதே இணையை முதலில் வைத்தால் ஏமாற்றுதல் என்னும் பொருள்தரும் 'சீட்' பிறக்கிறது; விகுதி சேர, 'சீட்டிங்'. கற்பித்தலும் ஏமாற்றுதலும் ஒரே எழுத்துகளால் ஆகியிருப்பது மாணவர்களுக்கு நகைப்பூட்டும், ஆசிரியர்கள் பொறுத்தருள்க. இங்கே நாம் கவனிக்க வேண்டுவது, இரண்டே அடிகளில் 40,320 என்பது 24 ஆகச் சுருங்கியதுதான்.

மற்றொன்று. ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டீ என்னும் ஏழு எழுத்துகள். இங்கே பன்மை விகுதியாகவும் வினைமுற்றின் ஈறாகவும் வரும் 'எஸ்' இருக்கிறது. மீண்டும் என்னும் பொருள்தரும் முன்னொட்டாகிய 'ரீ' என்பதற்குரிய 'ஆர்', 'ஈ' இரண்டும் இருக்கின்றன. அவற்றை முதலிலும் 'எஸ்'ஸை இறுதியிலும் நிறுத்தினால் நடுவில் டீ, ஏ, ஐ, என் எஞ்சுகின்றன. கண்டெய்ன், அப்டெய்ன், மெயின்டெய்ன் முதலிய சொற்களில் நாம் கண்ட 'டெய்ன்' என்னும் பகுதியே அது. ஆகவே 'ரீடெய்ன்ஸ்' என்னும் விடை கிடைக்கிறது. தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்பது பொருள். 'எஸ்'ஸை மட்டும் இறுதியில் வைத்து ஏனைய ஆறையும் வேறுவகையில் அடுக்கினால், கண்ணின் விழித்திரையைக் குறிக்கும் 'ரெட்டினா'வும் அதன் பன்மையும் கிடைக்கும். இனி ஐ, ஈ, ஆர் மூன்றையும் இறுதியில் வையுங்கள். ஒன்றைவிட ஒன்று மிகுதி என்று ஒப்பிடும் விகுதி அது. எஞ்சியவற்றை அடுக்கினால் 'நாஸ்டியர்' என்பது வருகிறது. மேலும் அருவருப்பானது என்று பொருள். ஒரே ஏழு எழுத்துகளில் மூன்று சொற்கள் கிடைத்தன. மூன்றும் தற்செயலாகக் கிடைத்தவை அல்ல. பகுதி, விகுதி என்று பிரித்துப் பார்க்கும் பதவியல் முறையே அவற்றைக் கொடுத்தது.

மூன்றாம் வகைக் கேள்விக்கு வருவோம். ஏ, ஆர், டீ என்னும் மூன்று எழுத்துகளும் அமைந்த சொற்கள் யாவை? இங்கே எழுத்துகள் அடுத்தடுத்து நிற்க வேண்டும் என்பதில்லை. இடையில் வேறு எழுத்துகளும் வரலாம். மனம் போனபடி தேடினால் ஐந்தாறு சொற்களுக்குப் பிறகு நினைவு வறண்டுவிடும். மூன்று எழுத்துகளுக்கு உள்ள ஆறு வரிசைகளையும் ஆறு வாயில்களாகக் கொண்டு, ஒவ்வொன்றிலும் நுழைந்து பார்த்தால் சொற்கள் பெருகும். ஏ, ஆர், டீ என்னும் வரிசையில் ஆர்ட், பார்ட், ஹார்ட், எர்த் என்பன உள்ளன. ஏ, டீ, ஆர் என்னும் வரிசையில் வாட்டர், ஆஃப்டர் என்பன உள்ளன. ஆர், ஏ, டீ என்னும் வரிசையில் விகிதத்தைக் குறிக்கும் ரேட், பெரிய என்று பொருள்படும் கிரேட் ஆகியவை உள்ளன. ஆர், டீ, ஏ என்பது வாராதது போல் தோன்றும். ஆயினும் திரைச்சீலையைக் குறிக்கும் கர்ட்டனும், உறுதியைக் குறிக்கும் செர்ட்டனும் அதில் உள. டீ, ஏ, ஆர் என்னும் வரிசையில் விண்மீனாகிய ஸ்டாரும் கித்தாரும் உள. டீ, ஆர், ஏ என்னும் வரிசையில் டிரெயின், டிராவல், எக்ஸ்ட்ரா என்பன உள. ஆறு வாயில்களில் ஒன்றும் வெறுமையாக இல்லை. இவற்றுள் இதயத்தைக் குறிக்கும் ஹார்ட்டும் பூமியைக் குறிக்கும் எர்த்தும் ஒரே ஐந்து எழுத்துகளின் இரு வரிசைகள் என்பதையும் காண்க.

எழுதித் தேடுவோர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. கொடுத்த எழுத்துகளை நேர்வரிசையில் எழுதினால், கண் அந்த வரிசைக்கே அடிமையாகிவிடும். ஆகவே மெய்களை வட்டமாக எழுதி, உயிர்களை நடுவில் எழுதுக. அப்போது எந்த மெய்யுடன் எந்த உயிர் சேரும் என்பது கண்ணுக்குப் புலப்படும். இது தமிழர்க்கு மிகவும் உதவும். ஏனெனில் நம் எழுத்து முறையில் உயிர் மெய்யோடு ஒட்டியே நிற்கும். நாம் அசையாகவே படித்துப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் உயிர் தனியே நிற்பதால் எழுத்துகள் சிதறிக் கிடப்பவை போல் தோன்றுகின்றன. அவற்றை நாமாகவே அசைகளாகச் சேர்த்துக்கொண்டால் தேடுதல் எளிதாகும்.

மற்றொரு வழி, சொற்களைத் தேடுவதற்கு முன்பே அவற்றை முறைப்படுத்தி வைப்பது. ஒரு சொல்லின் எழுத்துகளை நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கினால் அச்சொல்லுக்கு ஒரு குறியீடு கிடைக்கும். கேட்டல் என்னும் பொருளுடைய 'லிசன்' என்ற சொல்லை அவ்வாறு அடுக்கினால் ஈ, ஐ, எல், என், எஸ், டீ என்று வரும். பேச்சின்றி இருத்தலைக் குறிக்கும் 'சைலண்ட்' என்ற சொல்லுக்கும் இதே குறியீடுதான். படையில் சேர்தலைக் குறிக்கும் 'என்லிஸ்ட்', ஒப்பனைக்குரிய பளபளப்பான சரிகைத் தாளாகிய 'டின்சல்', கடலோரச் சிறு நீர்வாயில்களாகிய 'இன்லெட்ஸ்' ஆகியவற்றுக்கும் அதுவே. குறியீடு ஒன்றாயின் சொற்கள் உடன்பிறப்புகள் என்று அறியலாம். இக்காலத்துக் கணினிகள் நொடிப்பொழுதில் விடை தருவதற்குக் கையாளும் முறைகளுள் இது ஒன்று. ஒரு குறிப்பேட்டில் நாமும் இதனைச் செய்யலாம். பேசாமலிருந்தால்தான் கேட்க முடியும் என்பதை எழுத்துகளும் ஒப்புக்கொள்கின்றன என்பது, வானொலி நேயர்களுக்கு ஒரு சிறு பரிசு.

இந்த அறிவை ஓர் ஆட்டமாக அமைத்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் அவர் வேலை இழந்தார். சொல்லாட்டம் ஒன்றை உருவாக்க விரும்பிய அவர், செய்தித்தாள்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவரால் ஸ்கிராபிள் என்று பெயரிடப்பட்ட அவ்வாட்டத்தில் 100 வில்லைகள் உண்டு. அவற்றுள் 'ஈ' 12. 'கியூ', 'இஸட்' ஒவ்வொன்று. எளிதில் கிடைக்கும் எழுத்துக்கு மதிப்பெண் 1. 'கியூ'வுக்கும் 'இஸட்'டுக்கும் 10. கையிலுள்ள ஏழு வில்லைகளையும் ஒரே முறையில் ஆடிவிட்டால் 50 மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும்.

இவ்வாட்டத்தின் வரலாற்றில் நாம் கருதிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உலகப் போட்டியில் 2003இல் வென்றவர் தாய்லாந்து நாட்டு இளைஞர். 2009இல் வென்றவரும் தாய்லாந்துக்காரர். 2015இல் வென்றவர் நைஜீரியாவைச் சேர்ந்த வெலிங்டன் ஜிகெரே. தாய்லாந்து மக்களின் தாய்மொழி ஆங்கிலம் அன்று; அவர்கள் எழுதுவதும் உரோம எழுத்தில் அன்று. இதனினும் வியப்புக்குரியது நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் செய்த செயல். அவர் பிரெஞ்சு மொழி பேச அறியாதவர். பிரெஞ்சுச் சொற்பட்டியலைச் சுமார் ஒன்பது வாரங்கள் பயின்று, 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வெற்றி பெற்றார். எழுத்துகளின் ஒழுங்கு பிறப்புரிமை அன்று, பயிற்சிக்குக் கட்டுப்படுவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அதே செய்தி நமக்கு ஓர் எச்சரிக்கையும் ஆகும். பிரெஞ்சுப் போட்டியில் வென்றவரால் பிரெஞ்சு மொழியில் உரையாட இயலவில்லை. சொல்லைக் கண்டுபிடிப்பது வேறு. சொல்லை உடைமையாக்கிக்கொள்வது வேறு. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்கள் இதனை நாள்தோறும் உணர்கிறோம். எழுத்தும் பொருளும் தெரிந்த சொல்லாயினும், அது எவ்விடத்தில் எவருடன் எந்நயத்தில் வழங்குகிறது என்று தெரியாதவரை நமக்குத் துணைசெய்வதில்லை.

எழுத்துகளைக் கொண்டு விளையாடுவதில் தமிழரும் பின்தங்கியவர் அல்லர். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்றுப் பதிகத்தைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் மற்றொரு செய்யுளை மறைத்துவைக்கும் கரந்துறைச் செய்யுளும், ஓரெழுத்து நீங்க வேறு பொருள் தரும் அக்கரச்சுதகமும் நம் அணியிலக்கணத்தில் இடம்பெற்றவை. 1939இல் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்னும் அமெரிக்கர், 'ஈ' என்னும் எழுத்தே வாராமல் 50,000 சொற்களுக்கு மேற்பட்ட 'காட்ஸ்பி' என்னும் நாவலை எழுதி வெளியிட்டார். உதடு ஒட்டாமலும் குவியாமலும் ஒலிக்கும் எழுத்துகளாலேயே பாடும் நிரோட்டகம் நம் புலவர்கள் நெடுங்காலமாகப் பயின்றது.

ஓரெழுத்து நீங்கும் விளையாட்டை இரு மொழியிலும் ஆடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் திடுக்கிடச் செய்வதைக் குறிக்கும் 'ஸ்டார்ட்லிங்' என்னும் ஒன்பதெழுத்துச் சொல்லிலிருந்து முறையாக ஓரெழுத்தை நீக்கிவந்தால் ஸ்டார்ட்டிங், ஸ்டேரிங், ஸ்டிரிங், ஸ்டிங், சிங், சின், இன் என்று தேய்ந்து, முடிவில் நான் என்று பொருள்படும் 'ஐ' ஒன்றே நிற்கும். தமிழில் 'கவிதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்து நீங்கினால் விதை. இடையெழுத்து நீங்கினால் கதை. கடையெழுத்து நீங்கினால் கவி.

பிற மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகள் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிச் சொற்களைக் காண்பதில் விரைவாகத் தேறிவிடுகிறார்கள். தமிழெழுத்துகளோ பலருக்குப் பார்வையளவில் நின்றுவிடுகின்றன. ஆகவே மாலையில் அரைமணி நேரம் கிடைக்குமாயின், ஒரு முறை ஆங்கிலமும் ஒரு முறை தமிழுமாக இவ்விளையாட்டை ஆடுங்கள். ஆங்கிலச் சொல்லைக் கண்டவர் அதன் பொருளைத் தமிழில் கூறி, அதனை ஒரு வாக்கியத்திலும் அமைத்துக்காட்டினால்தான் மதிப்பெண் உண்டு என்று விதி வகுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல்லைக் கண்டவரும் அவ்வாறே செய்யட்டும். எழுத்துகளைத் தேடிச் சொல்லைக் காண்பதில் குழந்தைகள் முந்திக்கொள்வார்கள். சொல்லின் பொருளையும் நயத்தையும் எடுத்துச் சொல்வதில் பெற்றோருக்கும் பாட்டனார் பாட்டியாருக்கும் வேலை இருக்கும். ஒருவர் குறையை மற்றவர் நிரப்ப, இரு மொழியும் வீட்டில் வளரும்.